யாருக்கு முதலில் சொல்ல வேண்டும்

பாப்பா,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை. அடுப்பையே நான் பற்றவைத்திருக்கவில்லை. கொச்சியில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு பெயர் கொடுக்க வேண்டும் என்றாய். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் குறித்து வைத்துக்கொள்ளும் பெயர். "இத்தன நாளா அப்பா பேருதாம்மா இருந்துச்சு. இப்ப அப்பா மாத்திக்கோன்றாரு. ஏம்ப்பான்னா வாயத் தொறக்க மாட்டேன்றாரு. உன் பேர குடுக்கட்டுமா?" என்று கேட்டாய். சாதாரணமாகத்தான் கேட்டாய். கடையில் நின்றுகொண்டு, எந்தக் கலர் எடுக்கட்டும் என்று கேட்கிற மாதிரி. நான்தான் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் போனில் ஒரு வரி வந்து கிடந்தது. "பரவால்லம்மா, பெரியப்பா வீட்டு அண்ணன் பேர குடுத்துடறேன். கப்பல் கெளம்பறதுக்குள்ள சொல்லணும், அதான்." அந்தப் பரவாயில்லை பரவாயில்லை அல்ல என்று எனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவள் நான்.

அரக்கோணத்தில் உன் ஹெலிகாப்டர் பயிற்சி முடிந்த அன்றைக்கும் உனக்கு என்மேல் வருத்தம். அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று உன் சட்டையில் பைலட்டுக்கான தங்க இறக்கையைக் குத்தினோம். போட்டோ எடுத்தவர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சினார். எனக்கு உதடு பிரியவில்லை. அந்தப் போட்டோவை நம் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவோடு சேர்த்து எனக்கே அனுப்பினாய். நான் ஹெலிகாப்டருக்கு முன்னால் உடைத்த தேங்காயோடு நிற்கிற போட்டோ. "ரெண்டுலயும் ஒரே மூஞ்சிம்மா. அப்பவும் சந்தோஷமில்ல, இப்பவும் சந்தோஷமில்ல" என்று எழுதியிருந்தாய். உனக்கு நான் பதில் சொல்ல வேண்டியவை இரண்டு. அந்த மூஞ்சி ஏன் அப்படி இருக்கிறது என்பது ஒன்று. யார் பெயரைக் கொடுப்பது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பதில்தான். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது. எழுதினால் வரும். எட்டாவதோடு நின்றவள், மளிகைக் கணக்கு எழுதி எழுதியே எழுத்து கைவந்தவள். எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன். உன்னோடு பறக்கிற பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் நீ படித்துக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை.

உன் அப்பா கடலைப் பார்க்காமலே வளர்ந்தவர். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை, நம் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, போடுகிற குடும்பம். மழை வந்தால் விதைப்பார்கள், வராவிட்டால் வானத்தைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்த பழக்கம்தான் தன்னை மேலே தூக்கிக்கொண்டு போனது என்று அவர் சொல்வார். காலேஜ் முடித்துப் பரீட்சை எழுதினார், கடற்படையில் எடுத்துக்கொண்டார்கள். கப்பலுக்குத்தான் போகப்போகிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். ஹெலிகாப்டர் என்று தெரிந்ததும் உன் தாத்தா கேட்டாராம், "கப்பல்ல போறவனுக்கு எதுக்குடா றெக்கை? ரெண்டுல ஒண்ணு பண்ணு." சின்னக் கப்பலின் பின்பக்கம் ஒரு தளம் இருக்கும், நம் மொட்டை மாடியைவிடக் கொஞ்சம் பெரிசு. அலையில் அது ஏறும், இறங்கும், பக்கவாட்டில் சாயும். அதன் மேல் கொண்டுபோய் ஹெலிகாப்டரை உட்காரவைப்பதுதான் அவர் வேலை. உனக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவர் ஏர்போர்ட் மாதிரி நீளமான ரோட்டில் இறங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குடும்ப தினம் என்று ஒருநாள் கப்பலுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தத் தளத்தைப் பார்த்தேன். "மீதி எங்க?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை.

அவர் கவனமான மனுஷன். எதில் ஏறுவதற்கு முன்னாலும் ஒரு சுற்று சுற்றி வருவார். தொட்டுப் பார்ப்பார், குனிந்து பார்ப்பார், ஒரு ஆணி விடமாட்டார். இப்போதும் ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்னால் அப்படித்தான். சுற்றி வந்து டயரை அழுத்தி, பிரேக்கைப் பிடித்து, கண்ணாடியைத் துடைத்து. எதிர் வீட்டு இட்லிக் கடை அம்மா தினமும் கேட்பாள், "இன்னா சார், வண்டிக்கே கிரிவலமா?" அவரும் சளைக்காமல், "மலை நின்ன எடத்துல நிக்குது. இது ஓடுதேம்மா, இதத்தான் ஜாஸ்தி சுத்தணும்" என்பார். நீயும் அப்படிச் சுற்று. கூட வருகிறவன் அவசரப்படுத்தினாலும், மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தாலும் சுற்று. கையால் தொட்டுப் பார். கண் பார்த்துவிட்டதாகப் பொய் சொல்லும், கை சொல்லாது என்று அவர்தான் சொல்வார்.

காலையில் கிளம்பும்போது அவர் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு லீலா சேச்சி முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிட்டார். நேரம் தெரிந்தால் அந்த நேரம் தாண்டும். தாண்டிய பிறகு வீட்டில் இருப்பவள் என்ன செய்வாள்? அதனால் உன் அப்பா நேரத்துக்குப் பதிலாகச் சாப்பாட்டைச் சொல்லிவிட்டுப் போவார். "வந்து சாப்பிடறேன், கத்தரிக்கா பண்ணு." அவ்வளவுதான். கொச்சிக் குவார்ட்டர்ஸுக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட பிறகுதான் நான் தாளிப்பேன். உனக்கும் நாளைக்கு ஒருத்தன் வருவான். ஜாதகம் எடுத்துக்கொண்டு இங்கே இரண்டு பேர் வந்து போயாயிற்று. யாராக இருந்தாலும், அவனிடம் வரும் நேரத்தைச் சொல்லாதே. வந்தால் என்ன சாப்பிடுவாய் என்று சொல்லிவிட்டுப் போ. அவனுக்குச் சமைக்கத் தெரியுமா என்று முதலில் பார்த்துக்கொள்.

அப்பாவின் பறக்கும் வாழ்க்கையில் உனக்குத் தெரிந்த கதை மீனவர் கதைதான். புயலில் கவிழ்ந்த படகிலிருந்து கயிறு கட்டித் தூக்கியது. அதற்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள், சட்டம் போட்டு நீ உன் ரூமில் மாட்டினாய். அவர் என்னிடம் அதைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒன்றுதான். கப்பலில் இறங்கியதும், போர்வை சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவர் இவர் தமிழ் பேசுவதைக் கேட்டு, நடுங்கிக்கொண்டே, "சாருக்கு எந்தூரு?" என்றாராம். "கீழ்பென்னாத்தூரு, திருவண்ணாமல பக்கம்." "அங்க கடலு ஏது சார்?" "கெடையாது." "அதான பாத்தேன். கடலு தெரிஞ்சவன் இந்தக் காத்துல வெளிய வருவானா!" என்றாராம் அந்த மனுஷன். தூக்கிக் காப்பாற்றியவரைப் பார்த்து! இதைச் சொல்லும்போது மட்டும் உன் அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். பாராட்டுக் கடிதத்தை அவர் ஒருமுறைகூட நின்று படித்து நான் பார்த்ததில்லை.

உனக்குத் தெரியாததை இனி சொல்கிறேன். குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் உண்டு, எழுதாத வழக்கம். யாராவது திரும்பி வராவிட்டால் போன் வராது. அந்தப் பிரிவின் தலைமை அதிகாரி நேரில் வருவார், கூட ஒரு அதிகாரியின் மனைவியும் வருவாள். சேச்சி எனக்கு அவருடைய மலையாளத் தமிழில் சொன்னார், "வெள்ள யூனிஃபாரம் எல்லா நாளும் உள்ளதுதான் மோளே, அதுக்குப் பயப்படாதே. வேலை நேரத்துல, கூட ஒரு பொம்பளையும் சேந்து நடந்து வந்தா, அப்ப பயப்படு." அப்படி ஒருநாள் வந்தார்கள். எங்கள் வரிசையிலேயே. ஜீப் முனையில் நின்றது, இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். நடுப்பகல். ஒவ்வொரு வீட்டுத் திரைக்குப் பின்னாலும் ஒருத்தியாக நின்றோம். முதல் வீட்டைத் தாண்டினார்கள். அடுத்ததைத் தாண்டினார்கள். என் வீட்டையும் தாண்டினார்கள். கடைசிக்கு முந்தின வீட்டுப் படியில் ஏறினார்கள். அந்த வீட்டுப் பெண் போன தீபாவளிக்கு என்னிடம் முறுக்கு அச்சு வாங்கிப்போனவள். அவர்கள் என் வாசலைத் தாண்டியபோது எனக்குள்ளே என்னவோ ஒன்று 'அப்பாடா' என்றது. எல்லா வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். சாயங்காலம் அவள் வீட்டில் எல்லோரும் கூடினோம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சாமியிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். விளக்கேற்றாத நாள் கிடையாது, பிரதோஷம் விட்டது கிடையாது, அது உனக்குத் தெரியும். ஆனால் எதையும் கேட்கமாட்டேன். என் வீட்டுக்கு வேண்டாம் என்று கேட்டால், அடுத்த வீட்டுக்குப் போ என்று கேட்பதாகத்தானே ஆகிறது? அண்ணாமலையார் முன்னால் கை கூப்பிக்கொண்டு சும்மா நிற்பேன். இந்த அம்மாவுக்கு என்ன வேண்டுதலோ என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒன்றும் இல்லை. நிற்கிறேன், அவ்வளவுதான். நீ அரக்கோணத்துக்குச் சேர்ந்த நாளிலும் அப்படித்தான் நின்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள். உனக்கு நாலு வயசு இருக்கும். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாய். அப்பா கத்தரிக்காய் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜீப் வந்து நின்றது. அப்பாவின் தலைமை அதிகாரி இறங்கினார். அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவியும் இறங்கினார். இரண்டு பேரும் நடந்தார்கள். முதல் வீட்டைத் தாண்டினார்கள். அடுத்ததைத் தாண்டினார்கள். எங்கள் கேட்டைத் திறந்தார்கள்.

நான் கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு சாமி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். பெல் அடித்தது. "அம்மா, பெல்லு" என்றாய். "நம்ம வீட்டு பெல்லு இல்ல" என்றேன். மறுபடியும் அடித்தது. அந்த மேடம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீ எழுந்திருக்கப் பார்த்தாய், நான் விடவில்லை. கதவைத் திறக்காதவரைக்கும் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்த ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. ஜீப்பும் போனது. நான் அழவில்லை பாப்பா. உனக்குத் தயிர்சாதம் ஊட்டினேன். தூங்கவைத்தேன். அலமாரியைத் திறந்து அவர் சட்டைகளை மடித்து வைத்தேன். கீழ்பென்னாத்தூருக்கு யார் சொல்வது, எந்த ரயில், குவார்ட்டர்ஸை எப்போது காலி செய்யச் சொல்வார்கள், உன்னை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். மாதக் கடைசியில் வரவுசெலவு முடிப்பேனே, அதே மாதிரி. எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை.

சாயங்காலம் அவர் வந்தார். ஹெல்மெட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் போல.

"எங்க போயிட்ட? சி.ஓ. சாரும் மேடமும் வந்தாங்களாமே, வீடு பூட்டியிருந்துச்சாம்."

"கோயிலுக்கு."

"கோயிலுக்குப் போறவ கீரைய மூடி வெச்சுட்டுப் போகக் கூடாது? எல்லாம் வாடிக் கெடக்குது பாரு." தட்டைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்குப் புது மெஷினுக்குப் பூஜை. தேங்கா நீதான் ஒடைக்கணுமாம். சாமி கும்புடறவ கையால ஒடையட்டும்னு மேடம் சொன்னாங்களாம். மரியாதையா நேர்ல கூப்பிடணும்னு ரெண்டு பேரும் வேல நேரத்துல கெளம்பி வந்திருக்காங்க. நீ என்னடான்னா..."

எனக்கு அப்போது காலில் விழுந்து அழத் தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷமாவது வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. யாரோ ஒருவர் வந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தட்டில் சாப்பிடுகிறார் என்பது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தேன். மறுநாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். ஹெலிகாப்டரின் மூக்குக்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்தார்கள். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். ஹெலிகாப்டர்மேல் கீறல் படக் கூடாது என்று பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு, "இதுல ஒடைங்க" என்றார்கள். ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் எடுத்ததுதான் கூடத்துப் போட்டோ. வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நீ, சந்தோஷமில்லை என்று நினைக்கிறாய். மரத்துப்போன காலில் எறும்பு ஏறினால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையா? எனக்கு அன்றிலிருந்து நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அப்படிப் பார்த்துத்தான் தெரிகிறது. உன் சட்டையில் இறக்கையைக் குத்தியபோதும் பார்த்தேன். இது சந்தோஷம் என்று தெரிந்தது. உடம்புக்குள் வரவில்லை. அதற்கு நீ என்னை மன்னிக்கவும் வேண்டாம், பரிதாபப்படவும் வேண்டாம். எனக்கு இது பழகிவிட்டது. இதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் சமைத்தேன், உன்னைப் படிக்கவைத்தேன்.

அதற்குப் பிறகு உன் அப்பா நிறையப் பறந்தார். விசாகப்பட்டினம், கோவா, மறுபடியும் கொச்சி. ஒரு பிரிவுக்கே தலைமை அதிகாரியாக இருந்தார், அப்போது நீ ஒன்பதாவதோ பத்தாவதோ. பிறகு முதுகு போனது, அதற்குப் பின்னால் காதும் போனது. அந்தச் சத்தத்துக்குள் அத்தனை வருஷம் உட்கார்ந்தால் யாருக்கும் போகும். இனிமேல் பறக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லி மேஜை வேலை கொடுத்தார்கள். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அன்று வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "கமாண்டரோட சரி" என்றார். சாப்பிட்டார். நீ காதில் பாட்டு மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்காது. கடைசியாக அவர் பறந்து இறங்கிய நாளில் வழக்கப்படி தண்ணீர் ஊற்றி நனைத்தார்களாம். அந்த ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். துவைக்கப் போட்டேன். ஓய்வு பெற்று இங்கே திருவண்ணாமலைக்கு வந்தோம். இங்கே அவர் 'கமாண்டர் சார்'. பாதிப் பேருக்கு 'மிலிட்டரிக்காரர்'. கப்பலா ஏரோப்ளேனா என்று யாராவது கேட்டால், "ரெண்டும்" என்பார். அதற்குமேல் விளக்கமாட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாள்கூட வீட்டில் காத்திருந்ததில்லை, பாப்பா. போகிறவராகவே இருந்தார். நீ கப்பல் தளத்தில் இறங்கிப் பழகப்போகிறாய் என்று தேதி சொன்னாய் அல்லவா, அன்றுதான் அவருக்கு முதல்முறை. விடிந்ததும் போனில் காற்றைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தெரிந்தவருக்குத்தான் கஷ்டம் ஜாஸ்தி. எனக்குக் காற்று என்றால் காற்று. அவருக்கு ஒவ்வொரு எண்ணும் ஒரு சாய்ந்த தளம். பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு சுத்து நடந்துட்டு வரேன்" என்று போனார். பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. காது மெஷின் மேஜைமேல் கிடந்தது, போன் அடித்தாலும் அவருக்குக் கேட்காது. வெயில் உச்சிக்கு வந்து இறங்கிய பிறகு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருப்பவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"இன்னாம்மா ஆச்சு சாருக்கு? கொளுத்தற வெயில்ல மலைய ரெண்டாவது சுத்து வராரு. செருப்பு வேற இல்ல. டீ குடிச்சுட்டுப் போங்க சார்னா காதுலயே வாங்கல. வேண்டுதலான்னு கேட்டேன், நடந்துக்கினே இருக்காரு. அதான் அமுக்கிப் புடிச்சு ஏத்திக்கினு வந்துட்டேன்."

உன் அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார், "எறங்கிட்டாளா?"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும் என்று அவர் எப்படி நினைத்தார்? "எறங்கிட்டா, உள்ள வாங்க" என்றேன். உன்னிடமிருந்து போன் அதற்குப் பிறகு சாயங்காலம்தான் வந்தது. அதுவரைக்கும் அவர் பாதத்தில் எழும்பியிருந்த கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் உன்னிடம் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறார். எனக்கே உன் போனில்தான் தெரிந்தது. பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து, நம் நிலத்துக்கு விதை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். கெட்ட பருப்பைப் பொறுக்கிப் போட்டேன். மெஷினைக் காதில் வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து அவரே கேட்டார்.

"நீ எப்படி இருந்த, அத்தன வருஷம்?"

"எப்படின்னா?"

"என்னால ஒரு நாளு முடியல."

அப்போதுதான் கதவைத் திறக்காத கதையைச் சொன்னேன். கீரைத் தட்டு வரைக்கும் சொன்னேன். அவர் கை உரிப்பதை நிறுத்திவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"நான் போயிருக்கேன், தெரியுமில்ல?" என்றார். "தலைமைல இருந்தப்ப. நம்ம பைலட் ஒருத்தன் வீட்டுக்கு. வெள்ளச் சட்ட போட்டுக்கினு."

தெரியும். அன்று அவர் என்னைக் கூப்பிடாமல் இன்னொரு அதிகாரியின் மனைவியைக் கூட்டிப்போனார். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று நானும் கேட்டதில்லை.

"படியேறும்போது ஒண்ணுதான் வேண்டிக்கினேன். வீடு பூட்டியிருக்கணும்னு. அந்தப் பொண்ணு எங்கயாவது போயிருக்கணும், கோயிலுக்குப் போயிருக்கணும்னு. அந்தப் பொண்ணே வந்து தொறந்துச்சு. கையெல்லாம் கோதுமை மாவு. சிரிச்சுச்சு. 'வாங்க சார், உக்காருங்க, இதோ கை கழுவிட்டு வந்துடறேன்'னு உள்ள ஓடிச்சு. அது கை கழுவற வரைக்கும் நான் நின்னேன். தண்ணி விழற சத்தம். அவ்ளோ நேரம் ஒருத்தி கை கழுவுவாளா..." கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டார். பிறகு சொன்னார், "நம்ம கதவுக்கு ஒருத்தன் வந்தா எனக்கு அவன் மூஞ்சியப் பாத்தே தெரியும். அவன் வாயத் தொறக்க வேணாம். நான் அவனா இருந்தவன். என்னால அந்தக் கதவத் தொறக்க முடியாது. பாப்பா கிட்ட இத எப்படிச் சொல்லுவேன்?"

"நான் சொல்றேன்" என்றேன். மல்லாட்டையை உரித்து முடித்தோம். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தேங்கா நல்லா ஒடைஞ்சுது இல்ல, சரிபாதியா" என்றார். "ஆமாங்க" என்றேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அண்ணன் பெயர் வேண்டாம். அவன் நல்ல பிள்ளைதான். ஆனால் சென்னையில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்கு யாரோ ஒருவர் சொல்லி, அவன் காரை எடுத்துக்கொண்டு வழியெல்லாம் எங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வருவான். அந்தப் பாவம் அவனுக்கு எதற்கு? என் பெயரைக் கொடு. நேராக என்னிடம் வரட்டும். உன் அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு எந்தக் காதில் சொன்னால் கேட்கும், எப்போது சொல்ல வேண்டும், சொல்வதற்கு முன்னால் அவரை எங்கே உட்காரவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டபோது நான் வைத்துவிட்டது உனக்காக நிற்க விருப்பமில்லாமல் அல்ல. அன்று கதவைத் திறக்காத அதே கைதான் போனையும் வைத்தது.

முகவரியோடு இதையும் எழுதிக் கொடு. பௌர்ணமி அன்று எங்கள் தெருவுக்குள் வண்டி வராது, கூட்டம் விடாது. தேர்முட்டிப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும். இட்லிக் கடைக்கு எதிர் வீடு, பச்சை கேட். வருகிறவர்கள் வெயிலில் வந்திருப்பார்கள், முதலில் தண்ணீர் குடிக்கட்டும். கூட வருகிற பெண்ணிடம் என் கையைப் பிடிக்க வேண்டாம் என்று சொல். நான் திறப்பேன். நின்று கேட்பேன். இவ்வளவையும் மளிகைக் கணக்கு மாதிரி எழுதுகிறேனே என்று நீ ஆச்சரியப்படலாம். மரத்துப்போனதற்கு ஒரு உபயோகம் இருக்குமானால் அது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். நீ உன் வேலையைப் பார். பறந்து இறங்கியதும் எனக்குப் போன் பண்ணாதே, அப்பாவுக்குப் பண்ணு. அவர் டம்ளரை வைக்கிற சத்தத்தில் நான் தெரிந்துகொள்வேன். போவதற்கு முன்னால் எனக்குச் சாப்பாட்டை மட்டும் சொல்லிவிட்டுப் போ. கத்தரிக்காய் உனக்குப் பிடிக்காது. வேறு ஏதாவது சொல்.

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாசல் பெல் வேலை செய்யாது என்று நீ ஒவ்வொரு முறை வரும்போதும் கத்துவாய். அது கெட்டுப்போகவில்லை. குடிவந்த அன்றே நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அப்பாவுக்குக் காது கேட்காது, எதற்குப் பெல் என்று சொல்லிச் சமாளித்துவந்தேன். இன்று காலையில் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி மாட்டச் சொன்னேன். நான் சமையற்கட்டில் அப்பளத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வாசலில் பெல் அடித்தது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கையைக் கழுவவில்லை, மாவோடே போய்க் கதவைத் திறந்தேன்.

வெளியே எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரோடு நின்றுகொண்டிருந்தார். "உள்ள வரிக்கும் கேக்குதாம்மா?" என்றார்.

"கேக்குது" என்றேன்.

அம்மா